ஒட்டுப்போட்ட டட்சனின் விலை

மதிப்பீட்டாளர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். பெயின்ட்டில் கீறல் விழக் கூடாதென்று மெல்லிய துணியில் சுற்றி வைத்திருந்தார். பின்சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவில் அதை வைத்து மெதுவாக நகர்த்தினார். காந்தம் ஒட்டினால் இரும்பு. பிடிமானம் இல்லாமல் நழுவினால் உள்ளே பட்டி, அதாவது பள்ளத்தை மறைக்க அப்பிய பசை. அந்த வளைவோடு ஆறு வருடம் மல்லுக்கட்டியவன் நான். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். காந்தம் நழுவவில்லை.

இது சென்ற ஜனவரியில் நடந்தது. வண்டி, 1971-ஆம் வருடத்து டட்சன் 240 இசட். ஜப்பானின் நிசான் நிறுவனம் டட்சன் என்ற பெயரில் விற்ற ஸ்போர்ட்ஸ் கார். பழைய கார்களுக்கு இங்கே அமெரிக்காவில் காப்பீடு தனி ரகம். வருடா வருடம் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். காரின் மதிப்பு இவ்வளவு என்று இரு தரப்பும் முன்கூட்டியே பேசி, ஒப்புக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிடுவோம். அதற்காகத்தான் அவர் வந்திருந்தார். இரண்டு மணி நேரம் பார்த்தார். கண்ணாடியை அடியில் நீட்டிப் பார்த்தார், எஞ்சின் எண்ணைத் தகட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டார், கதவுகளைத் திறந்து மூடிச் சத்தம் கேட்டார். இரண்டு வாரம் கழித்துத் தாள் வந்தது: 68,000 டாலர்.

2011-இல் நான் அதை வாங்கியது 4,500 டாலருக்கு.

மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கேரேஜில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அந்த நாலு பக்கத்தை நிதானமாக வாசித்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும்.

டட்சன் என்றதும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரகடம் ஆலையிலிருந்து வந்த கோ, ரெடி-கோ என்ற சின்னக் கார்கள் நினைவுக்கு வரும். 2022-இல் அந்தப் பெயரையே நிசான் நிறுத்திவிட்டது. இலங்கை நண்பர்களைக் கேட்டால் டட்சன் சன்னி என்பார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் குடியிருக்கும் தெற்குக் கலிபோர்னியாவில் அந்தப் பெயருக்கு வேறு அர்த்தம். ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது "டட்சன் இசட்" என்று சொல்லிப் பாருங்கள். அவருடைய அண்ணனோ, பக்கத்து வீட்டுக்காரரோ, கல்லூரித் தோழியோ ஒன்று வைத்திருந்திருப்பார். பெட்ரோல் பங்க்கில் நிற்கும்போது எனக்கு இது மாதத்துக்கு ஒரு முறையாவது நடக்கிறது.

அந்த நினைவுகளுக்கெல்லாம் காரணமானவர் யுடகா கடயாமா. 1960-இல் நிசான் அவரை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பியபோது டட்சன் என்ற பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. சின்னச் சின்ன பிக்கப் வண்டிகளையும் செடான்களையும் விற்றுத்தான் காலூன்றினார். ஆனால் அவர் மனத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. சாமானியன் சம்பளத்தில் வாங்கக்கூடிய, தினமும் வேலைக்கு ஓட்டிப்போகக்கூடிய, காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். அன்றைக்கு ஆங்கிலேயக் கார்கள் அழகாக இருந்தன, மழை வந்தால் கரன்ட் போய்விடும். ஜெர்மன் கார்கள் ஒழுங்காக ஓடின, விலை கைக்கு எட்டாது. யோஷிஹிகோ மட்சுவோ தலைமையில் ஜப்பானில் உருவம் வரைந்தார்கள். நீளமான மூக்கு, சாய்ந்து இறங்கும் முதுகு, இரண்டே இருக்கை. 2.4 லிட்டரில் வரிசையாக ஆறு சிலிண்டர், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன்.

1969 அக்டோபரில் ஜப்பானில் அறிமுகமானபோது அதன் பெயர் ஃபேர்லேடி இசட். ஒரு பிராட்வே இசை நாடகத்தைப் பார்த்து மகிழ்ந்துபோன நிசான் தலைவர் கவமடா தன் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு வைத்த பெயர் ஃபேர்லேடி. அந்தப் பெயரில் அமெரிக்க ஆண்களிடம் இதை விற்க முடியாது என்பதில் கடயாமா உறுதியாக இருந்தார். கப்பலில் வந்திறங்கிய கார்களிலிருந்து அந்தப் பெயர்ப் பட்டையைக் கழற்றிவிட்டு 240 இசட் என்று மாட்டினார். தலைவர் வைத்த பெயரைத் தன் கையால் பிடுங்கிப் போடுவது ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அந்த மனிதர்மேல் இருக்கும் மரியாதை அங்கே தொடங்குகிறது. 2015-இல், 105 வயதில் காலமானார்.

விலை 3,526 டாலர். இன்றைய பணத்தில் 30,000 டாலர் சுமாருக்கு வரும். போர்ஷே 911 அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாங்கப் பெயர் எழுதிவைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 1970 முதல் 1973 வரை அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் விற்றது.

பந்தயத்திலும் சளைக்கவில்லை. 1970, 1971 இரண்டு வருடமும் ஜான் மோர்ட்டன் இந்தக் காரில் அமெரிக்கத் தேசியப் பட்டம் வென்றார். கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை 1971-இல் வென்றது. 1973-இல் மறுபடி வென்றது. அந்த இரண்டாவது வெற்றியை ஓட்டிக் கொடுத்தவர் ஷேகர் மேத்தா, கம்பாலாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். முந்தின வருடம்தான் இடி அமீன் ஆசியர்களை உகாண்டாவிலிருந்து துரத்தியிருந்தார். மேத்தா குடும்பம் கென்யாவுக்குப் பெயர்ந்தது. அடுத்த ஈஸ்டருக்குச் சேற்றிலும் புழுதியிலும் 240 இசட்டை ஓட்டி ஜெயிக்கிறார். என் கேரேஜ் சுவரில் மாட்டியிருக்கும் ஒரே பந்தயப் படம் அதுதான்.

இனி துரு. இதைப் பேசாமல் விலையைப் பேச முடியாது.

அந்தக் காலத்து ஜப்பானிய எஃகுத் தகடு மெல்லியது, துருத் தடுப்பும் சொற்பம். பனி பெய்யும் மாநிலங்களில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். ஐந்தாறு குளிர்காலத்தில் தரை போய்விடும். கலிபோர்னியா மாதிரி வறண்ட ஊரிலும் துருவுக்கு வழி தெரியும். எஞ்சின் அறையின் பின்மூலையில் பேட்டரி உட்காரும் தட்டு இருக்கிறது. பேட்டரியிலிருந்து கசியும் அமிலம் அந்தத் தட்டைத் தின்னும், பிறகு சொட்டுச் சொட்டாக அடியில் உள்ள சட்டத்தைத் தின்னும். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வாயில் காய்ந்த இலைகள் விழுந்து வடிகாலை அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு மழைத் தண்ணீரும் உள்ளேயே தேங்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே விரலால் அழுத்தினால் அப்பளம்.

ஒன்றரை லட்சம் வண்டியில் பெரும்பாலானவை இப்படித்தான் அழிந்தன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் 240 இசட் என்பது கல்லூரி மாணவர்கள் ஆயிரம், இரண்டாயிரம் டாலருக்கு வாங்கி ஓட்டும் பழைய கார். எஞ்சின் போனால் பின்னால் வந்த 280-இன் எஞ்சினைத் தூக்கி வைப்பார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் செவ்ரோலே வி-8 எஞ்சினை அடைப்பார்கள். ரிப்பேர் செலவு காரின் விலையைத் தாண்டும் நாளில் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அரிதாக ஆனதற்கு இதுதான் காரணம்.

அந்தக் காலத்திலேயே நிசான் ஒரு முயற்சி செய்தது. 1996-இல், 240 இசட்டின் வாரிசான 300 இசட்-எக்ஸ் விற்பனை அமெரிக்காவில் நின்றுபோனது. இசட் என்ற பெயர் மக்கள் மனத்திலிருந்து மறைந்துவிடக் கூடாதென்று, பழைய 240 இசட்களைத் தேடி வாங்கி, முழுக்கப் பிரித்துப் புதுப்பித்து, தங்கள் டீலர்கள் மூலமாகவே விற்றார்கள். விலை 25,000 டாலர் சுமார். 200 வண்டி செய்யத் திட்டம், நாற்பதைக்கூட எட்டவில்லை. ஒரு வண்டிக்கு ஆன செலவு விற்கும் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. இதைக் கவனியுங்கள்: தயாரித்த நிறுவனமே, உதிரிபாகம் கைவசம் உள்ள நிறுவனமே, இந்தக் காரைப் புதுப்பித்து லாபம் பார்க்க முடியாத காலம் அது. அன்றைக்குத் தன் கேரேஜில் இதை வைத்து மல்லுக்கட்டிய எவரும் பணத்துக்காகச் செய்திருக்க முடியாது.

பிறகு காற்று திரும்பியது. எப்போது என்று கேட்டால் நான் 2013-ஐச் சொல்வேன். அந்த ஏப்ரலில் டெக்சஸில் நடந்த ஏலத்தில் ஒரு டொயோட்டா 2000ஜிடி 11,55,000 டாலருக்குப் போனது. அதுவரை பெரிய ஏல நிறுவனங்களுக்கு ஜப்பானியக் கார் என்றால் ஓர் ஓரத்தில் நிற்கும் சரக்கு. 2000ஜிடி தனி ரகம்தான்: 1967-க்கும் 1970-க்கும் இடையே யமஹாவோடு சேர்ந்து செய்தது, மொத்தமே 351. எஞ்சினின் மேல்பகுதி யமஹாவின் கைவேலை, உள்ளே டேஷ்போர்டு மரம்கூட பியானோ செய்யும் அவர்களின் கைவண்ணம். 2022-இல், அமெரிக்காவில் கரோல் ஷெல்பி என்ற பந்தயக்காரரின் குழு ஓட்டிய ஒரு 2000ஜிடி 25 லட்சம் டாலரைத் தாண்டியது. மேலே ஒரு கார் பத்து லட்சத்தைத் தொட்டதும் கீழே இருந்ததையெல்லாம் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பழைய போர்ஷேக்களின் விலை அதற்குள் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால், அங்கே இடமில்லாத பணமும் இந்தப் பக்கம் வந்தது. 2020 ஜனவரியில், சொற்ப மைல்களே ஓடி அசல் தன்மை கெடாமல் இருந்த ஒரு 1971 240 இசட், இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்கு விற்றது. அன்றைக்கு என் கைபேசி ஓயவில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்வி: "உன்னுடையது எவ்வளவு போகும்?"

இன்னொரு காரணம் ஒரு சட்டம். அமெரிக்காவில் விற்கப்படாத காரைக் கொண்டுவர வேண்டுமானால் அதற்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும். 1988-இல் வந்த சட்டத்தின் விளைவு. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32, ஜப்பானிய டூரிங் கார் பந்தயத்தில் கலந்துகொண்ட 29 போட்டியையும் வென்ற கார், ஆஸ்திரேலியர்கள் காட்ஸில்லா என்று பெயர் வைத்த கார், 1989-இல் பிறந்தது. அமெரிக்கர்களின் கைக்கு 2014-இல்தான் வந்தது. வீடியோ கேமில் மட்டும் ஓட்டி வளர்ந்த ஒரு தலைமுறை அதற்குள் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கத் தொடங்கியிருந்தது. அதே வரிசையில் பின்னால் வந்த ஜிடி-ஆர் ஆர்34-க்கு 2024 ஜனவரியில் கதவு திறந்தது. கனடாவில் 15 வருடம் போதும். ஸ்காபரோவில் இருக்கும் யாழ்ப்பாண நண்பர் ஒருவர் 2007-இலேயே ஆர்32 வாங்கிவிட்டார். "அண்ணை, நீங்கள் அங்க சட்டத்தைப் பாத்துக்கொண்டு நிக்கேக்க நாங்கள் இஞ்ச ஓடித் திரிஞ்சிட்டம்" என்பார். நவம்பரில் சாலையில் உப்பு போட்டதும் வண்டியை உள்ளே ஏற்றிப் போர்த்திவிடுவார், ஏப்ரல் மழை இரண்டு முறை சாலையைக் கழுவிய பிறகுதான் வெளியே எடுப்பார். அவர் வாங்கிய விலையைக் கேட்டால் இன்றைக்கு யாருக்கும் தூக்கம் வராது.

ஜப்பானில் இதற்கு நேர் எதிர். அங்கே புதுக் கார் மூன்று வருடத்திலும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் 'ஷாகென்' என்ற கடுமையான சோதனைக்குப் போக வேண்டும். பெட்ரோல் காருக்கு 13 வயது தாண்டினால் சாலை வரியும் ஏறும். பழைய காரை வைத்திருப்பதற்குத் தண்டம் கட்ட வேண்டிய நாடு அது. அப்படியிருந்தும் ஒரு கூட்டம் கட்டிக்கொண்டே காப்பாற்றியது. யென் மதிப்பு சரிந்த இந்தச் சில வருடங்களில் டாலரோடு வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். அங்குள்ள ரசிகர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது.

விலை ஏறினால் போலியும் கூடவே ஏறும். 1970 அக்டோபரில் வந்த ஸ்கைலைன் ஜிடி-ஆர் கூபே, ஜப்பானியர்கள் பெட்டி என்ற பொருளில் 'ஹாகோ' சேர்த்து ஹாகோசுகா என்று கொஞ்சும் கார். அதன் உள்ளே எஸ்20 எஞ்சின்: இரண்டு லிட்டர், சிலிண்டருக்கு நான்கு வால்வு. அந்த வரிசைக் கார்கள் பந்தயத்தில் 50 வெற்றி பெற்றவை. அதே உடம்பில் சாதா எஞ்சினோடு வந்த ஜிடி எண்ணிக்கையில் எவ்வளவோ அதிகம். சாதாவின் பின்சக்கர வளைவை வெட்டி அகலமாக்கி, கறுப்புப் பட்டையை ஒட்டி, சின்னத்தை மாட்டினால் பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். எஞ்சின் அறைத் தகட்டைப் பார்க்க வேண்டும். சாதாவில் கேஜிசி10 என்றிருக்கும், ஜிடி-ஆரில் கேபிஜிசி10. நடுவில் ஒரு 'பி'. அந்த ஓர் எழுத்தின் விலையில் கலிபோர்னியாவில் இல்லாவிட்டாலும் நம் ஊரில் ஒரு வீடு வாங்கலாம். அடுத்து 1973-இல் வந்த கென்மெரி ஜிடி-ஆரில் அந்த எழுத்தோடு பிறந்தவை வெறும் 197.

புதுப்பித்தல் என்ற வேலைக்கு வருகிறேன், ஏனென்றால் விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பலர் இதை முதலீடு என்று நினைத்துக் கேட்கிறார்கள். என் கணக்கைத் திறந்தே சொல்கிறேன். தகடு வெட்டி வெல்டிங் செய்தது, டிங்கரிங், பெயின்ட், எஞ்சின் கழற்றிப் பூட்டியது, குரோம், உள்துணி எல்லாம் சேர்த்து ரொக்கமாக 47,000 டாலர். பட்டறைக் கூலி மணிக்கு 110 டாலர். மிச்சத்தை நானே செய்தேன்: ஆறு வருடத்துச் சனிக்கிழமைகள். நடுவில் ஒரு பட்டறை என் காரோடு வந்த, நடுவில் 'டி' எழுத்துப் பொறித்த அசல் சக்கர மூடிகள் நான்கையும் குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிட்டது. அதே மாதிரி நான்கைத் தேடிப் பிடிக்க எட்டு மாதம் ஆனது. என் நேரத்துக்குக் கூலி போட்டால் 68,000 எங்கே நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பணம் பெருக வேண்டுமானால் வேறு எத்தனையோ வழி உண்டு, அதற்காக ஒரு காரைப் பிரிக்காதீர்கள்.

ஆனால் இந்த விலையேற்றத்தால் நல்லதும் நடந்திருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். பத்து வருடத்துக்கு முன் இரும்புக் கடைக்குப் போயிருக்கும் கூட்டை இன்று ஆட்கள் நம்பிக்கையோடு இழுத்து வருகிறார்கள். நிறுவனங்களும் விழித்துக்கொண்டன. நிசான் 2017-இல் ஆர்32-க்கு மறுபடி உதிரிபாகம் வார்க்கத் தொடங்கியது. டொயோட்டா 2020-இல் 2000ஜிடியின் கியர்பாக்ஸ் பாகங்களைக்கூடச் செய்து தரத் தொடங்கியது. மஸ்டா தன் முதல் தலைமுறை ரோட்ஸ்டர் ஸ்போர்ட்ஸ் கார்களை உரிமையாளர்களுக்குத் தானே புதுப்பித்துக் கொடுக்கத் தொடங்கியது. இவர்களுக்கெல்லாம் முன்னோடி ஹோண்டா. தன் என்எஸ்எக்ஸ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு 1993-இலேயே அந்த வேலையைத் தொடங்கிவிட்டது. விலை ஏறாமல் இருந்திருந்தால் இதில் பாதியும் நடந்திருக்காது.

சரி, கார்பரேட்டர் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம் அது. 240 இசட்டில், எஸ்யூ என்ற ஆங்கிலேயக் கார்பரேட்டரின் பாணியில் ஹிட்டாச்சி செய்தவை இரண்டு. முன்னது முன்மூன்று சிலிண்டருக்கு, பின்னது பின்மூன்றுக்கு. இரண்டும் ஒரே அளவு காற்றை உறிஞ்ச வேண்டும். இதற்குக் கருவி விற்கிறார்கள். எனக்குக் கற்றுக்கொடுத்த ஓய்வு பெற்ற மெக்கானிக் ஓரடி ரப்பர் குழாயைத்தான் கொடுத்தார். ஒரு முனை காதில், மறு முனை கார்பரேட்டர் வாயில். உஸ்ஸ் என்ற சத்தம். அதை மனத்தில் பிடித்துக்கொண்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். அங்கே சத்தம் கொஞ்சம் மெல்லியதாக இருந்தால் திருகைக் கால் சுற்று. திரும்பவும் முதலாவது. இரண்டும் ஒரே சுருதிக்கு வரும்போது எஞ்சினின் நடுக்கம் சட்டென்று அடங்கும். மூடிமேல் வைத்த காபித் தம்ளரில் அலை நின்றுவிடும். முதல் தடவை அது நடந்தபோது அவர் என் முகத்தைத்தான் பார்த்தார், எஞ்சினைப் பார்க்கவில்லை. 1973-ஆம் வருட மாடலில் புகைக் கட்டுப்பாட்டுக்காகத் தட்டைத் தலைக் கார்பரேட்டர் வந்தது. வெயிலில் மூச்சுத் திணறும். பெரும்பாலோர் கழற்றி எறிந்துவிட்டு முந்தைய உருண்டைத் தலையை மாட்டினார்கள். இன்றைக்கு முழு அசல் வேண்டுமென்று கேட்பவர்கள் அந்தத் தட்டைத் தலைகளைத் தேடி அலைகிறார்கள்.

நான் உறுத்தல் என்று சொன்னது இந்த 'அசல்' விவகாரத்தில்தான்.

2013 கோடையில் என் காரின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுத் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பயணி பக்கத்தில், கால் வைக்கும் இடத்தில், தார் பூச்சு மற்ற இடத்தைவிடத் தடிமனாக இருந்தது. சூடான காற்றுத் துப்பாக்கியைக் காட்டி, தாரை இளக்கி, சுரண்டியால் வழித்தேன். அடியில் சிவப்பு. இன்னும் கொஞ்சம் வழித்ததும் வெள்ளையில் ஒரு வளைவு, அடுத்து ஒரு நேர்கோடு. அரைமணி நேரத்தில் முழுசாக வெளியே வந்தது: தெருமுனையில் நிற்குமே, எட்டு மூலை 'ஸ்டாப்' பலகை, அதில் பாதி. 'எஸ்' முழுசாகவும் 'டி' முக்காலும். யாரோ கைவிடப்பட்ட பலகை ஒன்றைக் கத்தரித்து, ஓட்டையின் மேல் வைத்து, சுற்றிலும் பதினெட்டு ரிவெட் அடித்திருந்தார். அலுமினியத் தகடாதலால் இரும்போடு வெல்டிங் பிடிக்காது, அதனால் ரிவெட். ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்துப்போயிருந்தாலும் ரிவெட் வரிசை அளவெடுத்து அடித்தது போல நேராக இருந்தது. மூலைகளைக் கால் கிழிக்காதபடி அரத்தால் உருட்டிவிட்டிருந்தார்.

யார் செய்தது என்பதற்குத் தடயம் கையுறைப் பெட்டியில் இருந்தது. முந்தைய உரிமையாளர்கள் கைமாற்றிக் கைமாற்றி எழுதிவந்த ஒரு சின்ன நோட்டு. ஆயில் மாற்றியது, பிளக் மாற்றியது, எல்லாம் பென்சிலில். 1984 மே பக்கத்தில் ஒரு வரி: 91,400 மைல், தரை, 11 டாலர். பெயர் கிடையாது. ரிவெட்டுக்கும் தாருக்கும் ஆன காசாக இருக்கும்.

அந்த வருடம் இந்தக் காரின் விலை எவ்வளவு இருந்திருக்கும்? நல்ல நிலையில் இருந்தாலே சில ஆயிரம். தரையை முறையாக வெட்டி வெல்டிங் செய்யக் கொடுத்திருந்தால் காரின் விலைக்கே வந்திருக்கும். கணக்குப் பார்க்கிறவர் இரும்புக் கடைக்கு ஃபோன் போட்டிருப்பார். இவர் பலகையைத் தேடினார். அதற்குப் பிறகு நோட்டில் 1991 வரை பதிவுகள் இருக்கின்றன. 1,38,000 மைல் வரை அந்தப் பலகையின் மேல் கால் வைத்து ஓடிய வண்டி, பிறகு ஒரு வறண்ட கேரேஜில் இருபது வருடம் தூங்கியது, அங்கிருந்து என்னிடம் வந்தது. அந்த 11 டாலர் வேலை நடந்திருக்காவிட்டால் மதிப்பீட்டாளர் காந்தம் வைத்துப் பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது.

பட்டறையில் புதுத் தரை போட்டார்கள், வேறு வழியில்லை. வெட்டிய துண்டை நான் வாங்கிக்கொண்டு வந்து கேரேஜ் சுவரில், மேத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். மதிப்பீட்டாளர் அதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சந்தோஷமாக முழுக் கதையையும் சொன்னேன், நோட்டையும் காட்டினேன். அவர் நல்லவர், அக்கறையோடுதான் சொன்னார்: "இதை யாரிடமும் காட்டாதீர்கள். தரையில் பழைய பழுது என்று எழுத வேண்டிவரும், மதிப்பு குறையும். நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்."

தாள் வந்தபோது அப்படியேதான் இருந்தது. நாலு பக்கத்தில் பெயின்ட்டின் தடிமன் இருக்கிறது, கண்ணாடியில் உள்ள தேதி முத்திரை இருக்கிறது, நான் செலவழித்த 47,000-மும் ரசீது எண்ணோடு இருக்கிறது. 1971 முதல் 2011 வரை நாற்பது வருடத்துக்கு ஒரு வரி: "முந்தைய உரிமையாளர்கள், விவரம் முக்கியமல்ல." இந்தக் கார்களுக்கு விலை இல்லாத காலத்தில் அவற்றைச் சாகவிடாமல் வைத்திருந்தவர்களை, விலை வந்த பிறகு கறையாக எண்ணி மறைப்பது எனக்கு ஏற்கவில்லை. லாங் பீச்சில் வருடந்தோறும் நடக்கும் ஜப்பானியப் பழங்கார்க் கண்காட்சிக்குப் போனால் இதைப் பார்க்கலாம். 2005-இல் அதைத் தொடங்கிய காலத்தில் வந்தவர்கள் ஒட்டுப்போட்ட வண்டிகளை அவரவர் கையால் ஓட்டிக்கொண்டு வந்தவர்கள். இன்று மூடிய டிரக்கில் வந்திறங்கும் கார்கள் கூடிவிட்டன. பழையவர்களில் சிலர் தங்கள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, எஞ்சின் மூடியைத் திறக்கத் தயங்கி நிற்கிறார்கள், உள்ளே அசல் அல்லாத திருகு இருக்கிறதே என்று.

ஒரு வாரம் யோசித்தேன். பிறகு அந்த நோட்டின் பக்கங்களையும் பலகைத் துண்டையும் படம் எடுத்து, மதிப்பீட்டாளருக்கு ஒரு கடிதத்தோடு அனுப்பினேன். இது காரின் வரலாறு, கோப்பில் சேர்க்க வேண்டும் என்று எழுதினேன். அவர் ஃபோன் செய்து, "நிச்சயமாகவா?" என்று இரண்டு முறை கேட்டார். திருத்திய தாள் மார்ச் மாதம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: பயணி பக்கத் தரை, 1984-இல் கையால் செய்த பழுது, 91,400 மைல், ஆவணம் உண்டு. முதல் பக்கத்தில் தொகை 66,500 என்று மாறியிருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, பலகைத் துண்டைச் சுவரிலிருந்து இறக்கி, ஒரு கம்பளித் துணியில் சுற்றி, ஸ்டெப்னிக்குப் பின்னால் சத்தம் வராதபடி செருகி வைத்தேன்.